அத்தை அழுதால் மரம் இறங்காது

எங்கள் அத்தையின் குரலைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அத்தை என்றால் என் மாமியார். குப்பத்தில் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் முதலில் அவரைக் கூப்பிடத்தான் ஆள் வரும். கையில் என்ன வேலை இருந்தாலும் போட்டுவிட்டு, கொண்டையை அவிழ்த்தபடியே போவார். பிணத்தின் தலைமாட்டில் உட்கார்ந்து, பக்கத்தில் இருப்பவளின் தோளைக் கட்டிக்கொண்டு ஒப்பாரியைத் தொடங்கினால், அந்தச் சத்தம் குடிசைகளைத் தாண்டி, மணலைத் தாண்டி, அலைச் சத்தத்தையும் தாண்டிக் கரையில் நிற்கும் ஆண்களின் காதில் போய் விழும். நானும் லேசுப்பட்டவள் இல்லை. நொச்சிக்குப்பத்தில் பிறந்து, மீன் கூடை தூக்கி, வாய்க்காரி என்று பெயர் எடுத்தவள். அடையாறு கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் இருந்த இந்தக் குப்பத்துக்கு மருமகளாக வந்து, முதல் தடவை அவர் அழுததைக் கேட்ட அன்று என் வாய் அடங்கிப்போனது.

அந்தக் குரலுக்கு ஊரில் ஒரு வேலை இருந்தது. சாவு விழுந்தால் மரம் தள்ளக்கூடாது. கட்டுமரத்தை நாங்கள் மரம் என்றுதான் சொல்வோம். செத்தவரை எடுத்து அடக்கம் முடியும் வரை ஒரு மரமும் தண்ணீரில் இறங்காது. இதற்குக் காவல் வேண்டியதில்லை, அபராதம் வேண்டியதில்லை. அத்தையின் குரல் காதில் விழுந்த உடனே, கட்டிய கயிற்றை அவிழ்த்துவிட்டுத் துடுப்பைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிவிடுவார்கள். வீட்டில் அடுப்பு எரியாவிட்டாலும் சரி. காலையிலேயே குடித்துவிட்டு வருகிற ஆள்கூட இதை மீறி நான் பார்த்ததில்லை.

மற்ற எல்லாவற்றையும் மீறுவார்கள். அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

தொண்ணூறுகளில் நடந்ததைச் சொல்கிறேன். இப்போது கூட்டம் போட்டு, திரையில் படம் காட்டி, பருவநிலை மாற்றம் என்கிறார்கள். அன்றைக்கு எங்களுக்கு அந்த வார்த்தையெல்லாம் தெரியாது. "கடலுக்கு இன்னாவோ ஆயிடுச்சு" என்போம், அவ்வளவுதான். ஐப்பசி, கார்த்திகையில் கடல் முரண்டு பிடிப்பது வழக்கம். அதற்கு ஊர் தயாராக இருக்கும். ஆனால் அந்த வருடங்களில் அது மாதம் பார்க்காமல் கிளம்பியது. வெயில் கொளுத்த வேண்டிய மாதத்தில் காற்று சுழன்றது. மார்கழியில் அடங்க வேண்டிய வாடைக் காற்று தையிலும் அடித்தது. நான் கல்யாணமாகி வந்தபோது எங்கள் வாசலிலிருந்து தண்ணீருக்குப் போக, சுடுமணலில் ஓடி ஓடிப் போக வேண்டும். சில வருடங்களில் வலை காயப்போட்ட இடமே தண்ணீருக்குள் போய்விட்டது.

எச்சரிக்கை வராமல் இல்லை. துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றுவார்கள். ரேடியோவில் சொல்வார்கள். சில நாள் மைக் கட்டிய ஜீப் ஒன்று வந்து, "மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம்" என்று கத்திவிட்டு அடுத்த குப்பத்துக்குப் போய்விடும். நம் ஆட்கள் ரெண்டு நாள் கேட்பார்கள். புயலோ, சென்னைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு ஆந்திராவில் போய் இறங்கும். இங்கே வெயில் அடிக்கும். "பாத்தியா, இவனுங்க சொல்றத கேட்டுகினு வயித்துல ஈரத்துணி கட்டிகினு குந்தினு கீறோம்" என்று ஊர்த் தலைவரிடம் சண்டைக்குப் போவார்கள். ஊர்ப் பஞ்சாயத்து அபராதம் போட்டுப் பார்த்தது. துடுப்பைப் பிடுங்கி அம்மன் கோயிலில் பூட்டியும் பார்த்தது. போகிறவன் இரவல் துடுப்பு வாங்கிக்கொண்டு போனான்.

மாமா, அதாவது என் மாமனார், அப்போது கை கால் வராமல் படுத்திருந்தார். தலைமாட்டில் ஒரு டிரான்சிஸ்டர். விடிந்ததும் அதைப் போட்டாக வேண்டும். பாட்டு கேட்பதற்குத்தான். நடுவில் செய்தி வந்தால் அவருக்குக் கோபம் வரும். "இவனுக்கு வேற வேலை இல்ல, பாட்ட போடுடா" என்று ரேடியோவைத் திட்டுவார். பேச்சு குழறினாலும் திட்டு மட்டும் தெளிவாக வரும். படுத்த படுக்கையாகக் கிடந்துகொண்டு சுறாப்புட்டு கேட்டு அத்தையின் உயிரை எடுத்தார். அத்தையும் சளைக்காமல் திட்டிக்கொண்டே செய்து ஊட்டினார். முப்பது வருடம் சண்டை போட்டு வாழ்ந்தவர்களுக்கு அதுதான் கொஞ்சல்.

எங்களுக்கு எதிர் வீட்டில் ஓர் அக்கா. அவர் வீட்டுக்காரரும் என் வீட்டுக்காரரும் ஒரே மரத்தில் தொழிலுக்குப் போகிறவர்கள். அந்த அண்ணன் சிரிக்காமல் கிண்டல் பேசுவார். நான் கூடையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினால், "வழிவிடுங்கப்பா, மந்தவெளி மார்க்கெட்டுக்கு இடி போவுது" என்பார். அக்கா என்னைவிட அமைதி. ஒரே குழம்பை ரெண்டு வீட்டுக்கும் ஊற்றிக்கொள்கிற பழக்கம் எங்களுக்கு.

அந்தக் கார்த்திகையில் வாரத்துக்கும் மேலாக மரம் இறங்கவில்லை. கூண்டு ஏற்றியிருந்தார்கள். மழை, காற்று. கருவாட்டுப் பானை காலியாகி, அரிசிக்கு எதிர் வீடும் நாங்களும் மாறி மாறி அலைந்தோம். அப்புறம் வழக்கம்போலப் புயல் வடக்கே போனது. வானம் வெளுத்தது. ஆற்றுத் தண்ணீர் கலந்து கடல் கலங்கியிருந்தது. கலங்கிய தண்ணீரில் இறால் வரும். மறுநாள் விடியலில் ஊரே கடலுக்குப் போவதென்று பேச்சு. அன்று சாயங்காலம் குப்பத்தில் பல நாளுக்குப் பிறகு சிரிப்புச் சத்தம் கேட்டது.

விடியற்காலையில் என் வீட்டுக்காரர் மரம் கட்டக் கரைக்குப் போய்விட்டார். அத்தை மாமாவுக்கு நீராகாரம் எடுத்துக்கொண்டு உள்ளே போனார். நான் வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தேன். சொம்பு கீழே வைக்கிற சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை. அந்த நேரத்துக்கு ரெண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டிருக்க வேண்டும். என்னவோ ஏதோ என்று உள்ளே ஓடினேன். அத்தை மாமாவின் பாதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பார்த்த உடனே தெரிந்துவிட்டது.

"ஐயோ" என்று நான் வாயைத் திறந்ததுதான் தாமதம், அத்தை எழுந்து வந்து என் வாயைப் பொத்தினார். மீன் அறுத்து அறுத்துக் காய்த்துப்போன கை. மூச்சு முட்டியது.

"கம்முனு இரு. மரம் இன்னும் தள்ளல."

நான் அவர் கையை இழுத்துப் பார்த்தேன். விடவில்லை. காதோரம் வந்து மெதுவாகப் பேசினார். "இப்ப நாம கத்துனா ஒருத்தனும் போமாட்டான். எத்தினி நாளா ஊரு பட்டினி கீது. எதிர் ஊட்ல நேத்து கஞ்சி கூட இல்ல. போய்ட்டு வரட்டும். வந்தப்புறம் அழுவலாம். இவரு இனிமே எங்க போவப் போறாரு?"

"உங்க புள்ளைக்குக்கூட சொல்ல மாட்டீங்களா அத்தை?"

"அவன் மூஞ்சியப் பாத்தா ஊருக்கே தெரிஞ்சிடும்."

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. பெற்ற அப்பன் செத்துக் கிடக்கிறான், பிள்ளை கடலுக்குப் போகிறான். இது என்ன நியாயம்? ஆனால் அத்தையின் முகத்தைப் பார்த்தேன். ஊரில் இருக்கிற அத்தனை சாவுக்கும் அழுத பொம்பளை, சொந்தப் புருஷனுக்கு அழாமல் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறார். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. மாமாவின் கண்ணை மூடி, போர்வையைக் கழுத்து வரை இழுத்துவிட்டார். அப்புறம் டிரான்சிஸ்டரை எப்போதும் போல வைத்தார். பாட்டு வந்தது. அது வராவிட்டால் பக்கத்தில் சந்தேகப்படுவார்கள்.

எதிர் வீட்டு அக்கா வாசலில் வந்து எட்டிப் பார்த்தார். "மாமா எப்டி கீறாரு?"

"இப்பதான் கண்ண மூடுனாரு. தூங்கட்டும்" என்றார் அத்தை.

அக்கா சிரித்துக்கொண்டு கரைக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் 'ஏலேலோ' என்று மரம் தள்ளுகிற சத்தம் கேட்டது. ஒன்றன் பின் ஒன்றாக எல்லா மரமும் அலை தாண்டிப் போயின. அப்புறம்தான் பாட்டு நின்று செய்தி வந்தது. கடைசியில் வானிலை. வங்கக் கடலில் இன்னொன்று உருவாகியிருக்கிறது, மீனவர்கள் கடலுக்குப் போக வேண்டாம். அதைக் கேட்டது நாங்கள் இரண்டு பேர்தான். பாட்டைப் போடுடா என்று திட்ட வேண்டியவர் பேசாமல் படுத்திருந்தார்.

"தெனம் சொல்றதுதான" என்றார் அத்தை. ஆனால் எழுந்து வாசலுக்குப் போய்க் கடலைப் பார்த்தார். அவர் குரலுக்கும் எட்டாத தூரத்துக்கு மரங்கள் போய்விட்டிருந்தன.

வெயில் ஏறும் நேரத்தில் காற்று திரும்பியது. ஈரக் காற்று. கரையில் உலர்த்திய துணிகள் பறந்தன. கிழக்கே வானம் ஈயப் பாத்திரத்தின் அடிபோலக் கறுத்துக்கொண்டு வந்தது. பொம்பளைகள் எல்லோரும் கரைக்கு ஓடினோம். அத்தையும் வந்தார். யாரும் அவரிடம் மாமாவைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்கிற நேரம் அது இல்லை. மரங்கள் வந்தன. சில கவிழ்ந்து வந்தன. சில திருவான்மியூர்ப் பக்கம் ஒதுங்கியதாக ஆள் ஓடிவந்து சொன்னான். ஒவ்வொரு தலை தெரியும்போதும் ஒரு வீட்டுக்காரி அலறிக்கொண்டு தண்ணீரில் இறங்குவாள். நான் என் மனுஷனைத் தேடினேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அந்த நேரத்தில் எனக்கு வேறு யாரும் நினைவில் இல்லை.

அவர் ஆற்று வாயில் கரை ஏறினார். கட்டு அறுந்துபோன மரத்தில் ஒரே ஒரு கட்டையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வந்தார். தோல் உரிந்து ரத்தம். "அண்ணன் எங்க?" என்றேன். என்னைப் பார்க்காமல் எதிர் வீட்டு அக்காவைப் பார்த்தார். தலையை ஆட்டினார். அவ்வளவுதான்.

அக்கா மணலில் உட்கார்ந்துவிட்டார். சத்தமே இல்லை. ஊர்ப் பொம்பளைகள் சுற்றி வந்து நின்று, எல்லோரும் அத்தையைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் தொடங்கினால்தான் மற்றவர்கள் சேர்ந்து அழுவது வழக்கம். அத்தை வாயைத் திறந்தார். குரல் வரவில்லை. மறுபடியும் திறந்தார். அப்புறம் அக்காவின் எதிரில் மணலில் முட்டி போட்டு உட்கார்ந்து, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"என் ஊட்ல காத்தாலயே சாவு விழுந்துச்சு. அவரு பூட்டாரு. நான் சொல்லல. மரம் போவட்டும்னு வாய மூடிகினு இருந்தேன்."

அக்கா அத்தையை நெடுநேரம் பார்த்தார். அடிப்பார், மண்ணை வாரித் தூற்றுவார் என்று நினைத்தேன். ஒன்றும் செய்யவில்லை. எழுந்து, சேலையில் ஒட்டிய மணலைத் தட்டாமல், வீட்டுக்கு நடந்து போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அண்ணனின் உடம்பு மறுநாள் தெற்கே இன்னொரு குப்பத்தில் ஒதுங்கியது. மாமாவை எடுத்த கையோடு அவரையும் எடுத்தோம். அப்போதும் அத்தை அழவில்லை. அத்தையை அக்கா தன் வீட்டு வாசல் ஏற விடவில்லை. ஊரில் சிலர், நம் வயிற்றுக்காகத்தானே செய்தாள் என்றார்கள். சிலர் முகம் கொடுத்துப் பேசவில்லை. பஞ்சாயத்து கூடிப் பார்த்தது. சாவை மறைத்ததற்கு என்ன தண்டனை என்று யாருக்கும் தெரியவில்லை, ஏனென்றால் இதுவரை யாரும் மறைத்ததில்லை. என் வீட்டுக்காரர் தன் அம்மாவிடம் ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டார். "ஒரு கொரல் உட்டிருக்கக் கூடாதா யம்மா?" அதற்குப் பிறகு பல மாதம் அந்த வீட்டில் என் குரல்தான் கேட்டது. கத்திக் கத்தியே வீட்டை ஓட்டினேன்.

அத்தை அதற்கப்புறம் எந்தச் சாவுக்கும் போகவில்லை. கூப்பிட ஆளும் வரவில்லை. எதிர் வீட்டு அக்கா அடையாறில் ஃபிளாட்டுகளில் பாத்திரம் தேய்க்கப் போனார். எங்கள் வீட்டைத் தாண்டும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வார். என்னிடம் மட்டும் தெருக்குழாயில் ரெண்டு வார்த்தை பேசுவார். அதுவும் தண்ணீரைப் பற்றி.

அடுத்த வருடம் மறுபடியும் கூண்டு ஏற்றினார்கள். மறுபடியும் நாலு பேர் திருட்டுத்தனமாக மரத்தைத் தள்ளினார்கள். நல்லவேளை, திரும்பி வந்தார்கள். அம்மன் கோயில் முன்னால் பஞ்சாயத்து கூடியது. ஆம்பளைகள் உட்கார்ந்து பேசுவார்கள், நாங்கள் ஓரமாக நின்று கேட்போம். அபராதத்தை ஏற்றலாம் என்றார் ஒருவர். வலையைப் பிடுங்கலாம் என்றார் இன்னொருவர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதற்குள் எதிர் வீட்டு அக்கா, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நடுவில் வந்து நின்றார். அந்த அக்கா பத்து பேருக்கு முன்னால் பேசி நான் கேட்டதே இல்லை.

"நீங்க இன்னா போட்டாலும் இவங்க போவாங்க. சாவுக்கு மட்டும்தான் இந்த ஊரு நிக்கும். கூண்டு ஏத்துனா, அன்னிக்கு சாவுன்னு வெச்சுக்குங்க. தோ, அந்தம்மா அழட்டும்."

எல்லோரும் திரும்பி அத்தையைப் பார்த்தார்கள். தலைவர் தயங்கினார். "இன்னாம்மா பேசுற? பொணம் இல்லாத ஊட்ல ஒப்பாரி வெச்சா ஊருக்கு ஆவுமா? அபசகுனம்."

"பொய்யா அழச் சொல்லலியே" என்றார் அக்கா. "அழ வேண்டிய சாவு ஒண்ணு அந்த ஊட்ல பாக்கி கீது. அன்னிக்கு அழாதத இப்ப அழட்டும். ஒவ்வொரு தபாவும் அழட்டும். நான் கேக்கணும்."

அது தண்டனையா, யோசனையா என்று யாருக்கும் புரியவில்லை. எனக்கும் புரியவில்லை. அத்தைக்காகச் சண்டை போட வாயைத் திறந்தேன். அத்தை என் கையைப் பிடித்து நிறுத்தினார். "அழுவுறேன்" என்றார்.

அடுத்த கூண்டு ஏறிய மறுநாள் விடியலில், ஆண்கள் மரம் கட்டத் தொடங்குகிற நேரத்தில், அத்தை கொண்டையை அவிழ்த்துவிட்டு எங்கள் வாசலில் உட்கார்ந்தார். அக்கா தன் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றார். அத்தைக்கு முதலில் தொண்டை திறக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, மாமா படுத்திருந்த மூலைப் பக்கம் முகத்தைத் திருப்பினார். அப்புறம் வந்தது பாருங்கள், அந்தக் குரல்! "என்னெப் பெத்த ராசா" என்று வழக்கமாகத் தொடங்குகிற ஒப்பாரி இல்லை. சுறாப்புட்டு கேட்டாயே, பாட்டுப் போடச் சொன்னாயே, நீ போன சேதியை ஊருக்குச் சொல்லாமல் உன்னை மூடி வைத்தேனே, எதிர் வீட்டுத் தாலியை அறுத்தேனே என்று அத்தனையும் சொல்லி அழுதார். போய் அவர் தோளைக் கட்டிக்கொண்டேன். கரையிலிருந்த ஆண்கள் ஒவ்வொருவராகத் துடுப்பைத் தூக்கிக்கொண்டு திரும்பினார்கள். அந்த அழுகையைக் கேட்டுக்கொண்டு மரம் தள்ள ஒருவனுக்கும் கால் வரவில்லை.

அப்படித்தான் அது ஊர் வழக்கம் ஆனது. சாவு வீட்டில் அடுப்பு எரியாது, மற்றவர்கள் சோறு ஆக்கிப் போடுவார்கள் இல்லையா? அதையும் எடுத்துக்கொண்டோம். அத்தை அழுகிற நாட்களில் கோயில் வாசலில் ஒரே உலையில் கஞ்சி. இருக்கிறவர்கள் அரிசி போட்டார்கள், இல்லாதவர்கள் விறகு போட்டார்கள். பசிதான் ஆளைக் கடலுக்குத் தள்ளுகிறது என்று எங்களுக்குத் தெரியாதா என்ன.

எல்லா நாளும் சுலபமாகப் போகவில்லை. சில புயல் வரவே வராது. அப்போது மீன் இல்லாமல் மைலாப்பூர் போனால், எப்போதும் என்னிடம் வாங்குகிற ஒரு வீட்டு அம்மா பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு, "புயல்தான் ஆந்திராவுக்குப் போயிடுச்சே, நீங்க ஏன் போகலை?" என்று கேட்பார். "எங்க மாமனார் செத்துட்டாரும்மா" என்பேன். "போன மாசமும் அதையேதானே சொன்னே?" என்று அவர் திகைப்பார். "அவரு அப்டித்தாம்மா, அடிக்கடி சாவாரு" என்று சொல்லிவிட்டு வந்துவிடுவேன். வழியெல்லாம் எனக்குச் சிரிப்பும் வரும், அழுகையும் வரும்.

மோட்டார் வைத்த புதுப் படகு வாங்கிய ஆள் ஒருவர் துணிந்து கிளம்பினார். "இன்னா கெழவி, தெனம் ஒரு சாவா?" என்று சத்தம் போட்டபடி என்ஜினைக் கிளப்பினார். அத்தை அழுகையை நிறுத்தாமலே எழுந்து நடந்து போய், படகின் முன்னால் ஈர மணலில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டு அழுதார். அலை வந்து இடுப்பு வரை நனைத்தது. அந்த ஆள் ஆன மட்டும் கத்திப் பார்த்தார். கடைசியில் என்ஜினை அணைத்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அன்றைக்கும் புயல் வரவில்லை. ஒரு வாரம் எங்களைப் பேசாத பேச்சில்லை.

இன்னொரு தடவை வந்தது. சொல்லிவிட்டு நேராக எங்கள் மேலேயே வந்தது. முன்வரிசைக் குடிசைகளை அலை வாரிக்கொண்டு போனது, எங்கள் வீடும் அதில் ஒன்று. பிள்ளைகளையும் பாத்திரங்களையும் தூக்கிக்கொண்டு மெயின் ரோட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஓடினோம். அங்கே ஈரத் தரையில் உட்கார்ந்து தலைவர் ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். ஒவ்வொரு ஆம்பளையும் "இருக்கேன்" என்றான். கடைசிப் பெயர் வரை "இருக்கேன்" என்றுதான் வந்தது. எதிர் வீட்டு அக்கா சுவரோரம் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அப்புறம் முகத்தைச் சேலையால் மூடிக்கொண்டு வெளியே போய்விட்டார். அந்த மோட்டார்ப் படகுக்காரர் அத்தையின் பக்கத்தில் வந்து, தன் போர்வையைக் கொடுத்துவிட்டுப் போனார்.

கொஞ்சம் உள்ளே தள்ளி மறுபடியும் குடிசை போட்டோம். மறுபடியும் அக்கா எதிர் வீடுதான். அவரே கேட்டு வாங்கிய இடம். ஏன் என்று நான் கேட்கவில்லை. அத்தை அழுகிற நாட்களில் கையைக் கட்டிக்கொண்டு வாசலில் நிற்பது மட்டும் மாறவில்லை. ஆனால் அழுது முடிந்ததும் ஒரு சொம்பு வெந்நீர் கொண்டுவந்து எங்கள் படியில் வைத்துவிட்டுப் போவார். "தொண்ட கட்டிக்கும், குடிக்கச் சொல்லு" என்று என்னிடம் சொல்வார். அத்தையிடம் பேச மாட்டார். நடுவில் நின்று நான்தான் திண்டாடினேன். "ஏன், நீங்களே சொல்லுங்களேன், காது கேக்குது அவங்களுக்கு" என்று ஒருநாள் வெடுக்கென்று சொல்லிவிட்டேன். அக்கா தன் வாசலுக்குத் திரும்பிவிட்டார்.

அத்தை போனது மாசியில். கடல் அடங்கிக் கிடக்கிற மாதம். சீக்கு ஒன்றும் பெரிதாக இல்லை. கொஞ்ச நாளாகவே சோறு இறங்கவில்லை. விடியலில் வெந்நீர் கொடுக்கப் போனேன். கையைத் தொட்டேன், ஜில்லென்றிருந்தது. என் வீட்டுக்காரர் கரையில் மரம் கட்டிக்கொண்டிருந்தார். எல்லா மரமும் கிளம்பத் தயார். வானத்தில் ஒரு மேகம் இல்லை. நல்ல மீன் வரும் என்று முந்தின நாளே பேசிக்கொண்டார்கள்.

வாய்க்காரி நான், நின்றுகொண்டிருந்தேன். குரல் வரவில்லை. என் கையே என் வாயை மூடியிருந்தது. அதுகூட எனக்குத் தெரியவில்லை.

எதிர் வீட்டு அக்கா வாசலில் நிழல் தட்ட வந்து நின்றார். என்னைப் பார்த்தார். பாயில் கிடந்த அத்தையைப் பார்த்தார். அத்தனை வருடத்தில் முதல் தடவையாக எங்கள் வாசல்படி ஏறி உள்ளே வந்தார். வந்து என் கையைப் பிடித்து வாயிலிருந்து இழுத்தார்.

"கைய எடுடி. மரம் போறதுக்குள்ள கத்து."

நான் கத்துவதற்கு முன்னால் அவரே தொடங்கிவிட்டார். அத்தையின் தலைமாட்டில் உட்கார்ந்து, என் தோளை இழுத்துக் கட்டிக்கொண்டு, "என்ன உட்டுட்டுப் போனியே அத்தே" என்று அலறினார். தன் புருஷனுக்கே வாய் திறக்காத பொம்பளை. அந்தப் புருஷன் பெயரையும் சேர்த்துச் சொல்லி அழுதார். எனக்கும் உடைந்துகொண்டு வந்தது.

கரையிலிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள். தலைவர் வாசலில் நின்று வானத்தைப் பார்த்தார். "இன்னாம்மா, கூண்டு ஏத்திட்டாங்களா?"

"இல்ல" என்றார் அக்கா. "அத்த பூட்டாங்க."

கட்டிய மரங்களை அவிழ்த்து மேட்டில் ஏற்றினார்கள். அன்று பகல் முழுக்கக் கடல் குளம் மாதிரிக் கிடந்தது. யாரும் போகவில்லை.